மூக்குக்குள் ஒரு வழிகாட்டி: கொஞ்சம் வரலாறு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் 26 வருடம் இருந்தவன் நான். இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. கடைசி 14 வருடம் சி.எம்.எம். என்று நாங்கள் சொல்லும் அளவு பார்க்கும் இயந்திரத்தோடு கழிந்தது. கருங்கல் மேஜை, அதன்மேல் நகரும் ஒரு பாலம், பாலத்திலிருந்து இறங்கும் ஊசி, ஊசி நுனியில் சின்னதாக ஒரு ரூபி உருண்டை. அது பாகத்தைத் தொட்டதும், தொட்ட இடம் எது என்று கம்ப்யூட்டர் மூன்று எண்களில் சொல்லிவிடும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை உண்டு. மேஜையில் கிடக்கும் இரும்பையும் கம்ப்யூட்டரில் இருக்கும் டிராயிங்கையும் ஒன்றோடொன்று பொருத்த வேண்டும். டேட்டம் எடுப்பது என்போம். டேட்டம் கோணலானால் அதற்குப் பிறகு எடுக்கும் அளவெல்லாம் கோணல்தான். திரையில் மட்டும் எண்கள் மூன்று தசமத்தில் அழகாக வந்துகொண்டிருக்கும்.

இதே வேலையை ஒரு குழந்தையின் முகத்தில் செய்கிறார்கள் என்பது எனக்குப் போன வருடம்தான் தெரியும். பொன்னேரியில் இருக்கும் என் தங்கை பேரனுக்கு 11 வயது. இரண்டு வருடமாக ஒரு பக்க மூக்கு அடைப்பு. உள்ளூரில் பார்த்த ஒரு டாக்டர் 'தூசி அலர்ஜி' என்று மாத்திரை மாற்றி மாத்திரை கொடுத்துக்கொண்டே இருந்தார். சிப்காட் புகைதான் காரணம் என்று தெருவில் எல்லோரும் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். (எங்கள் பக்கம் எந்த நோய் வந்தாலும் புகைமேல் பழி விழும். எல்லாவற்றையும் அதன் தலையில் போட முடியாது, அதைச் சும்மா விட்டுவிடவும் முடியாது.) கடைசியில் பையனின் இடது கண் லேசாக முன்னால் தள்ளிக்கொண்டு வந்தபோதுதான் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். பூஞ்சைக்கு உடம்பு காட்டும் ஒவ்வாமை. சைனஸ் அறைகளில் களிமண் மாதிரி ஒரு கெட்டிச் சளி சேர்ந்து, எலும்பை அழுத்தி அழுத்தித் தேய்த்திருந்தது.

ஆபரேஷன் என்று முடிவானதும் தங்கை மகள் போன் செய்தாள். "மாமா, கம்ப்யூட்டர் வச்சுப் பண்றாங்களாம். நேவிகேஷனாம். டாக்டர் பண்ணுவாரா, கம்ப்யூட்டர் பண்ணுமா? நீங்க இந்த மாதிரி மெஷின்ல இருந்தவர்தானே, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்றாள். பார்க்க ஆரம்பித்தவன், வரலாற்றில் போய் விழுந்துவிட்டேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு கண்களுக்கு நடுவில், மூக்கின் மேற்பகுதியில், தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன அறைகள் இருக்கின்றன. அதுதான் சல்லடை எலும்பு. அதற்கும் கண்ணுக்கும் இடையே இருக்கும் சுவருக்குப் பழைய உடற்கூறு ஆசிரியர்கள் லத்தீனில் வைத்த பெயருக்கு 'காகிதத் தகடு' என்று பொருள். மேலே கூரை. கூரைக்கு அந்தப் பக்கம் மூளை. கூரையின் மிக மெல்லிய இடத்தில் எலும்பின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது. பின்னால் போனால் பார்வை நரம்பும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயும் ஒட்டினாற்போல் ஓடுகின்றன.

இந்த இடத்துக்குள் கண்ணை மூடிக்கொண்டு போவது போலத்தான் பல காலம் ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். 1893-ல் நியூயார்க்கில் கால்டுவெல் என்பவரும், 1897-ல் பாரிசில் லுக் என்பவரும், மேலுதட்டைத் தூக்கி ஈறுக்கு மேலே எலும்பில் துளை போட்டுக் கன்னத்து சைனஸுக்குள் போகும் வழியைச் சொன்னார்கள். பெரியவர்களுக்கு அது ஓடியது. குழந்தைகளுக்கு அந்த இடத்தில்தான் இன்னும் முளைக்காத நிரந்தரப் பற்களின் மொட்டுகள் உட்கார்ந்திருக்கின்றன. மூக்கு வழியாகவே சல்லடை எலும்புக்குள் போவது இன்னும் மோசம். ஒரு நோயாளியைக் கொல்ல அது மிகச் சுலபமான வழிகளில் ஒன்றாகிவிட்டது என்று அமெரிக்காவில் மோஷர் என்ற மூக்கு மருத்துவர் 1929-ல் எழுதினார். அவரே அந்த அறைகளின் அமைப்பைப் பல ஆண்டு ஆராய்ந்தவர். பயந்து சொன்ன பேச்சு அல்ல.

வழிகாட்டி யோசனை மூக்கிலிருந்து வரவில்லை, மூளையிலிருந்து வந்தது. 1908-ல் லண்டனில் ஹார்ஸ்லி, கிளார்க் என்ற இருவர் குரங்கின் மூளையில் குறித்த இடத்துக்கு ஊசி அனுப்ப ஒரு சட்டம் செய்தார்கள். காதுத் துளையையும் கண்குழியின் கீழ் விளிம்பையும் ஆதாரமாக வைத்து, அங்கிருந்து மூன்று திசையில் அளந்து போவது. படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். டேட்டம் எடுப்பது அப்படியே இருக்கிறது! ஆனால் மனிதனுக்கு அது ஒத்துவரவில்லை. மண்டையோடு ஆளுக்கு ஆள் வேறு, வெளியே இருக்கும் காதை நம்பி உள்ளே இருக்கும் மூளையை அளக்க முடியாது. 1947-ல் அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவில் ஸ்பீகல், வைசிஸ் என்ற இருவர் எக்ஸ்ரே எடுத்து, மூளைக்குள்ளேயே இருக்கும் அடையாளங்களை ஆதாரமாக்கினார்கள். ஸ்டீரியோடாக்டிக் என்று அந்த முறைக்குப் பெயர்.

அந்த முறை நம் ஊருக்கு வர அதிக காலம் ஆகவில்லை. சீர்காழியில் பிறந்த டாக்டர் பி. ராமமூர்த்தி 1950-ல் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கினார். 1960-களில் அவரும் டாக்டர் வி. பாலசுப்பிரமணியமும் டாக்டர் டி. எஸ். கனகாவும் சேர்ந்து ஸ்டீரியோடாக்டிக் அறுவையில் உலகம் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு வேலை செய்தார்கள். ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை மருத்துவர்களில் ஒருவர் கனகா. கை நடுக்க நோய்க்காரர்கள் பலருக்கு அந்த ஊசி வாழ்க்கையைத் திருப்பிக் கொடுத்தது. சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே தெரியும் ஆஸ்பத்திரி அது. கும்மிடிப்பூண்டி லோக்கலில் தினம் போய் வந்தவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அதே குழு செய்த இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. அடங்காத துறுதுறுப்பும் முரட்டுத்தனமும் உள்ள நோயாளிகளுக்கு, அவர்களில் குழந்தைகளும் உண்டு, மூளையில் ஒரு சிறு பகுதியை அதே ஊசியால் அழித்தார்கள். ஜப்பானில் நரபயாஷி என்பவர் காட்டிய வழி. 1970-ல் அதைப் பற்றி வெளிநாட்டு மருத்துவப் பத்திரிகையில் கட்டுரையும் வந்தது. அப்போது வேறு மருந்து அதிகம் இல்லை, பெற்றோர்கள் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்கள் என்பதெல்லாம் உண்மைதான். இன்று அதைப் படிக்கும்போது எனக்கு வயிற்றைப் பிசைகிறது. ஊசி சரியான இடத்துக்குத்தான் போனது. அந்தக் குழந்தைக்கு அது போக வேண்டுமா என்பதைச் சட்டமோ எக்ஸ்ரேயோ சொல்லவில்லை. 2017-ல் வந்த மனநலச் சட்டப்படி, இப்படிப்பட்ட அறுவைக்கு நோயாளியின் சம்மதமும் தனி வாரியத்தின் அனுமதியும் வேண்டும்.

மூக்குக்கு வருவோம். மூன்று விஷயங்கள் ஒன்றுசேர வேண்டியிருந்தது. ஒன்று, உள்ளே பார்க்கும் கண். இங்கிலாந்தில் ஹாப்கின்ஸ் என்ற இயற்பியல் பேராசிரியர் கண்ணாடிக் கம்பிகளை அடுக்கிச் செய்த மெல்லிய தொலைநோக்கியை, ஜெர்மனியில் கார்ல் ஸ்டோர்ஸ் கம்பெனி 1960-களில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை மூக்குக்குள் விட்டு, சளி எந்தப் பாதையில் நகர்கிறது என்று ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரத்தில் மெசர்கிளிங்கர் வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார். குறுகிய வாசல் அடைபடுவதுதான் நோய், அறை முழுவதையும் சுரண்ட வேண்டாம், வாசலைத் திறந்தால் போதும் என்றார். அவருடைய மாணவர் ஸ்டாம்பர்கரும், அமெரிக்காவில் கென்னடியும் 1985 வாக்கில் இதை உலகம் முழுக்கக் கொண்டுபோனார்கள்.

இரண்டாவது, வரைபடம். 1971 அக்டோபர் 1-ம் தேதி லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் சிடி ஸ்கேன் இயந்திரத்தில் முதல் நோயாளி படுத்தார். இயந்திரம் செய்தது கிராமபோன் ரிக்கார்டு விற்ற இ.எம்.ஐ. கம்பெனி. முதல் படம் 80-க்கு 80 கட்டங்கள்தான். 1979-ல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கோர்மாக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

மூன்றாவதுதான் நம் விஷயம்: படத்தையும் ஆளையும் பொருத்துவது. ஜெர்மனியில் ஆக்கன் நகரத்தில் ஷ்லோண்டார்ஃப் என்ற காது மூக்கு தொண்டைப் பேராசிரியரும், அவரோடு மோஸ்கஸ் என்ற இளைய மருத்துவரும், பக்கத்திலிருந்த தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துப் பொறியாளர்களும் 1980-களின் நடுவில் ஒரு இரும்புக் கையைச் செய்தார்கள். ஒவ்வொரு மூட்டிலும் கோணம் அளக்கும் கருவி. கையின் நுனி மூக்குக்குள் எங்கே இருக்கிறதோ, அந்தப் புள்ளி திரையில் ஸ்கேன் படத்தின்மேல் தெரியும். கிட்டத்தட்ட அதே நேரத்தில் மூளைக்காக அமெரிக்காவில் ராபர்ட்ஸ் (1986) ஒலியை வைத்தும், டோக்கியோவில் வதனாபே (1987) இரும்புக் கையை வைத்தும் செய்தார்கள். ஆனால் மூக்கில் ஒரு வசதி உண்டு. மண்டையைத் திறந்தால் மூளை கொஞ்சம் சரிந்துவிடும், காலையில் எடுத்த படம் மதியம் பொய்யாகிவிடும். சைனஸ் எலும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. சரியாது.

1990-களில் இரும்புக் கை போய்விட்டது. இப்போது இரண்டு வழி. ஒன்றில், கருவியிலும் நோயாளியின் நெற்றியிலும் சின்ன உருண்டைகளைப் பொருத்தி, இரண்டு கண் உள்ள அகச்சிவப்புக் கேமரா பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டு இடத்திலிருந்து பார்த்த கோணத்தை வைத்து மூன்றாவது இடத்தைக் கண்டுபிடிக்கும் கணக்கு. 1802-ல் லாம்டன் பரங்கிமலைப் பக்கத்தில் சங்கிலி போட்டு அடிக்கோடு அளந்து, அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாக இந்தியாவை அளக்கப் புறப்பட்டாரே, அதே கணக்கு. நர்ஸ் குறுக்கே வந்து நின்றால் கேமராவுக்குக் கண் தெரியாது, அது ஒன்றுதான் தொல்லை. இன்னொரு வழி, தலையைச் சுற்றி லேசான காந்தப் புலம். மறைப்பு ஒரு பிரச்சினை இல்லை, ஆனால் பக்கத்தில் இரும்பு இருந்தால் புலம் கோணும். குழந்தையின் மண்டையில் பெரியவர்களுக்குப் போல ஆணி வைத்துப் பிடிப்பது ஆபத்து என்பதால், நெற்றியில் ஒட்டும் சின்னப் பட்டையோடு முடியும் காந்த முறை குழந்தைகளுக்கு வசதி.

குழந்தை என்று வரும்போது கணக்கு பல இடத்தில் மாறுகிறது. பிறக்கும்போது கன்னத்து சைனஸும் சல்லடை அறைகளும் பொடிசாக இருக்கும். நெற்றி சைனஸ் ஆறேழு வயதில்தான் தெரிய ஆரம்பித்து, இருபதை நெருங்கும் வரை வளரும். பெரியவர்களுக்குக் கற்ற கை இந்த வீட்டில் தூரங்களைத் தப்பாக மதிப்பிடும். அப்புறம் இன்னொரு பயம் இருந்தது. 1995-ல் பன்றிக்குட்டிகளில் ஒரு பக்கம் சைனஸ் அறுவை செய்து பார்த்தபோது அந்தப் பக்க முகம் குறைவாக வளர்ந்தது. சின்ன வயதில் கத்தி வைத்தால் பிள்ளையின் முகம் கோணிவிடுமா என்று டாக்டர்களே தயங்கினார்கள். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸில் குழந்தைகளுக்கு இந்த அறுவையை முதலில் செய்தவர்களில் ஒருவரான லஸ்க், தன் சகாக்களோடு அந்தப் பிள்ளைகளைச் சுமார் பத்து வருடம் கழித்துக் கூப்பிட்டு முகத்தை அளந்து பார்த்தார். வித்தியாசம் இல்லை என்று 2002-ல் வெளியிட்டார்கள். அளவு பார்க்கும் ஆளாக எனக்கு இது பெரிய ஆறுதல் கொடுத்த கட்டுரை.

கதிர்வீச்சு அப்படிச் சுலபமாகத் தீரவில்லை. நேவிகேஷனுக்கு ஒரு மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோ கனமுள்ள துண்டுகளாக ஸ்கேன் வேண்டும். சிறு வயதில் சிடி ஸ்கேன் எடுத்த சுமார் 1,78,000 பேரை பிரிட்டனில் தொடர்ந்து பார்த்து 2012-ல் வெளியிட்டார்கள். ரத்தப் புற்றும் மூளைக் கட்டியும் வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது. மிகச் சிறிய அளவு, ஆனால் பூஜ்யம் இல்லை. தேவைக்கு எடுக்கலாம், 'எதற்கும் ஒன்று எடுத்துப் பார்ப்போம்' என்று எடுக்கக் கூடாது. சளி பிடித்திருக்கும் நேரத்தில் எடுத்தால் அறைகள் நிறைந்துதான் தெரியும் என்பது வேறு. 1994-ல் அமெரிக்காவில் சாதாரண ஜலதோஷம் வந்த 31 பெரியவர்களுக்கு ஸ்கேன் எடுத்ததில் 27 பேருக்குக் கன்னத்து சைனஸ் கோளாறாகத் தெரிந்தது. படத்தைப் பார்த்துக் கத்தியை எடுத்திருந்தால் 27 பேரும் மேஜையில் படுத்திருப்பார்கள்.

அறுவைக்கு முன்னால் டாக்டர் பேசக் கூப்பிட்டபோது நானும் போனேன். நாற்பது வயதிருக்கும், பொறுமையான மனிதர். நான் கேட்ட முதல் கேள்வி, "டாக்டர், இதில் எரர் எவ்வளவு வரும்?" என்பதுதான். சிரித்துவிட்டு, "இரண்டு மில்லிமீட்டருக்குள் இருக்கும் சார்" என்றார்.

எங்கள் பிளான்டில் இரண்டு மில்லிமீட்டர் என்றால் ஸ்கிராப் தொட்டி. நாங்கள் சண்டை போட்டதெல்லாம் இருபது மைக்ரானுக்கு. கூரை எலும்பின் கனமோ 0.2 மில்லிமீட்டர். சுவரைவிடப் பத்து மடங்கு பிழை உள்ள கருவி அந்தச் சுவரை எப்படிக் காப்பாற்றும்? கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "சுவரைக் காப்பாற்றுவது தொலைநோக்கியும் என் கையும்தான் சார். நான் எந்த அறையில் நிற்கிறேன் என்பதில் சந்தேகம் வந்தால் அப்போது இதைக் கேட்பேன். இந்தப் பையனுக்கு நோய் எலும்பையெல்லாம் தள்ளி இடம் மாற்றிவைத்திருக்கிறது, அடையாளம் எதுவும் பழைய இடத்தில் இல்லை. அதனால்தான் கேட்கிறேன்" என்றார்.

பிறகு பொருத்தும் விதத்தைச் சொன்னார். மயக்கம் கொடுத்த பின், நெற்றி, புருவம், மூக்குத் தண்டு என்று முகத்தின்மேல் ஊசியால் தடவிக்கொண்டே போவார்கள். கம்ப்யூட்டர் அந்தப் புள்ளிகளை ஸ்கேனில் தெரியும் முகத்தோடு பொருத்தும். பொருத்தம் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று திரையில் ஒரு எண் வரும். இங்கேதான் என் பழைய தொழில் விழித்துக்கொண்டது. அந்த எண் முகத்தின் தோலில் பொருத்தம் எப்படி என்று சொல்கிறது. ஆபரேஷன் நடப்பது ஆறேழு சென்டிமீட்டர் உள்ளே. நீளமான ஷாஃப்டுக்கு ஒரு முனையில் மட்டும் டேட்டம் எடுத்தால் மறுமுனையில் என்ன ஆகும் என்று சி.எம்.எம். பார்த்த எவனும் சொல்வான், தூரம் போகப் போகக் கோணல் பெருகும். குழந்தையின் கன்னம் மெத்தை வேறு. குழாயை ஒட்டிய பிளாஸ்திரி இழுத்தால்கூடத் தோல் நகரும். அதனால்தான் எலும்பு நெருக்கமாக இருக்கும் இடங்களில் தடவுகிறோம், உள்ளே போனதும் தெரிந்த எலும்பு ஒன்றைத் தொட்டுத் திரையிலும் அதே எலும்பு காட்டுகிறதா என்று பார்க்கிறோம், ஆபரேஷன் நடுவிலும் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம் என்றார். நாங்கள் ஷிப்ட் ஆரம்பத்தில் மாஸ்டர் உருண்டையைத் தொட்டுப் பார்ப்பது போல.

ஆபரேஷன் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. கண்ணுக்கோ மூளைக்கோ ஒன்றும் ஆகவில்லை. இரண்டு மாதத்தில் கண் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. இந்த நோய் திரும்பி வரக்கூடியது என்பதால் மூக்கைக் கழுவுவதும் ஸ்ப்ரேயும் தொடர்கிறது. நேவிகேஷன் இல்லாவிட்டால் ஏதாவது ஆகியிருக்குமா என்று தங்கை மகள் கேட்டாள். ஒரு ஆளை வைத்து அதைச் சொல்ல முடியாது என்றேன். பெரிய விபத்து அரிது என்பதால் வித்தியாசத்தை நிரூபிக்க ஆயிரக்கணக்கான நோயாளிகள் வேண்டும், அப்படிச் சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பார்த்த பெரிய ஆய்வு நடக்கவில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்து 2013-ல் போட்ட கணக்கில், வழிகாட்டி இருந்த இடங்களில் பெரிய சிக்கல் குறைவு. அமெரிக்க மூக்கு மருத்துவர் சங்கம், ஏற்கனவே அறுவை ஆனவர்கள், எலும்பு சிதைந்தவர்கள், கண்ணையும் மூளையையும் ஒட்டிய நோய் உள்ளவர்கள் என்று சில வகையினருக்கு டாக்டரின் முடிவின்படி இது தகும் என்கிறது. எல்லோருக்கும் என்று சொல்லவில்லை.

எங்கள் மாவட்டத்தில் மூக்கடைப்போடு திரியும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இதெல்லாம் தேவைப்படாது. வருடத்துக்கு ஆறு, எட்டுத் தடவை சளி பிடிப்பது சின்னப் பிள்ளைகளுக்கு வழக்கம்தான். பின்மூக்கில் அடினாய்டு சதை வளர்ந்திருந்தால் அதை எடுத்தாலே பலருக்குச் சரியாகிறது. டென்மார்க்கில் மெயர் என்பவர் 1868-லேயே சொன்ன வைத்தியம் அது. ஒரு பக்கம் மட்டும் தொடர்ந்து அடைப்பு, கண் தள்ளுவது, பார்வை மங்குவது, கண்ணைச் சுற்றி வீக்கத்தோடு காய்ச்சல், இவைதான் அவசரம். 2022 ஜனவரியில் திருவள்ளூரிலும் அரசு மருத்துவக் கல்லூரி திறந்துவிட்டார்கள். பொன்னேரி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டிக்காரர்கள் இன்னும் பழக்கத்தில் ரயிலேறி ஸ்டான்லிக்குத்தான் போகிறோம். எங்கே போனாலும் சரி, நேவிகேஷன் வைத்துச் செய்கிறோம், இவ்வளவு ஆகும் என்று யாராவது சொன்னால், இந்தப் பிள்ளைக்கு ஆபரேஷன் ஏன் தேவை என்பதை முதலில் கேளுங்கள். அடுத்து, ஸ்கேன் எடுத்து எத்தனை நாள் ஆயிற்று என்று கேளுங்கள். வளரும் பிள்ளைக்குப் போன வருடத்துப் படம் உதவாது. எங்கள் டாக்டர் கையில் இருந்தது ஒன்பது நாளுக்கு முன்னால் எடுத்தது.